வாங்கிய டிஸ்க்குக்கு ஒரு நகல்: 321 ஸ்டூடியோஸ் வழக்கு

2002 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு மென்பொருள் விற்பனைக்கு வந்தது. பெயர் டிவிடி எக்ஸ் காப்பி. விலை 100 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. வீட்டுக் கணினியில் டிவிடி ரைட்டர் இருந்தால் போதும். கடையில் வாங்கிய படத்தின் டிஸ்க்கைப் போட்டு, திரையில் கேட்பதற்கெல்லாம் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனால், அதே படம் காலி டிஸ்க்கில் ஏறிவிடும். கணினி பற்றி ஒன்றும் தெரியாதவரும் செய்துவிடலாம். பதினைந்து மாதம் கழித்து, 2004 பிப்ரவரியில், சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி சூசன் இல்ஸ்டன் இதன் விற்பனையை ஏழு நாளுக்குள் நிறுத்தச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் இதை விற்ற 321 ஸ்டூடியோஸ் நிறுவனமே கடையை மூடியது.

காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்குக்கு வீட்டில் ஒரு மாற்று நகல் எடுத்து வைக்கலாமா? இந்த வழக்கைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள், இதில் நீதிமன்றம் அந்தக் கேள்விக்குத்தான் விடை சொன்னது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தீர்ப்பைப் படித்தால் அப்படி இல்லை. அந்தக் கேள்வியைத் தொடாமலேயே நீதிமன்றத்தால் நிறுவனத்தைத் தடுக்க முடிந்தது. அது எப்படி முடிந்தது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முதலில் டிஸ்க்குக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

பூட்டும் அளவும்

பாட்டு சிடியைக் காப்பி செய்து பழகிய கை, சினிமா டிவிடியைக் கணினியில் போட்டதும் தடுமாறும். டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே ஃபோல்டர் தெரியும், அதற்குள் ஏறக்குறைய ஒரு ஜிபி அளவில் வெட்டப்பட்ட வீடியோ கோப்புகள் வரிசையாகத் தெரியும். அவற்றை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டால் பாதியில் பிழை காட்டும். முழுவதும் வந்துவிட்டாலும், ஓட்டிப் பார்த்தால் படம் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடக்கும்.

காரணம் சிஎஸ்எஸ் என்ற பூட்டு. 1996இல், டிவிடி சந்தைக்கு வந்தபோதே கூட வந்தது. மட்சுஷிடாவும் தோஷிபாவும் சேர்ந்து உருவாக்கியது. இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு வீட்டுச் சாவியை வைத்துச் சொல்லலாம். வீட்டைத் திறக்க ஒரே சாவிதான். அந்தச் சாவிக்கு நானூறு நகல் எடுத்து, நானூறு சின்னப் பெட்டிகளில் தனித்தனியே பூட்டி, எல்லாப் பெட்டிகளையும் வாசலிலேயே அடுக்கி வைத்துவிடுகிறார்கள். உரிமம் பெற்ற ஒவ்வொரு பிளேயர் நிறுவனத்திடமும் ஏதோ ஒரு பெட்டியின் சாவி இருக்கும். டிஸ்க்கைப் போட்டவுடன் பிளேயர் தன் பெட்டியைத் திறந்து டிஸ்க்கின் சாவியை எடுக்கிறது, அதைக் கொண்டு படத்தின் சாவியை எடுக்கிறது, அப்புறம்தான் படம். நானூறுக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பெட்டிகள் டிஸ்க்கின் உள்விளிம்பை ஒட்டிய ஒரு பகுதியில் இருக்கும்.

முக்கியமான விஷயம் அந்த உள்விளிம்பில்தான் இருக்கிறது. கடையில் விற்ற காலி டிவிடிகளில் அந்த இடத்தில் எழுதவே முடியாது. எனவே ஒரு எழுத்து விடாமல் அப்படியே நகலெடுத்தாலும், பூட்டிய வீடு வரும், சாவிப் பெட்டிகள் வராது. எந்தப் பிளேயரும் அதை ஓட்டாது. வீட்டில் நகல் எடுக்க வேண்டும் என்றால் பூட்டைத் திறந்துவிட்டு, திறந்த படத்தைத்தான் எழுத வேண்டும். வேறு வழி கிடையாது. பின்னால் நீதிமன்றத்தில் எல்லாமே இந்த ஒரு தொழில்நுட்ப உண்மையைச் சுற்றித்தான் நடந்தது.

அடுத்த சிக்கல் அளவு. ஆலையில் அச்சடித்த சினிமா டிஸ்க் பெரும்பாலும் இரண்டு அடுக்கு கொண்டது, 8.5 ஜிபி வரை கொள்ளும். அன்று வீட்டில் எழுதக்கூடிய காலி டிஸ்க் ஒற்றை அடுக்கு, 4.7 ஜிபி. அண்டா நிறையச் சோறு இருக்கிறது, கையில் இருப்பதோ சின்னப் பானை. டிவிடி எக்ஸ் காப்பி முதலில் எடுத்த வழி நேர்மையானது: படத்தை இரண்டு டிஸ்க்காகப் பிரித்தது. தரம் துளியும் குறையாது, ஆனால் நடுவில் எழுந்துபோய் டிஸ்க் மாற்ற வேண்டும். அடுத்து வந்த எக்ஸ்பிரஸ் பதிப்பு படத்தை அமுக்கி ஒரே டிஸ்க்கில் அடக்கியது. பெரிய திரையில் இருட்டுக் காட்சிகளைப் பார்த்தால் அமுக்கியது தெரிந்துவிடும். சுவர் நிழலும் மேகமும் திட்டுத் திட்டாக வரும்.

பொறுமையும் வேண்டும். டிவிடி எழுதும் ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 1.4 எம்பி. முழு டிஸ்க் எழுத ஒரு மணி நேரம் ஆகும். நான்கு மடங்கு வேக ரைட்டர் இருந்தால் கால் மணி. அதற்கு முன் மூல டிஸ்க்கைப் படித்து ஹார்ட் டிஸ்க்கில் சேர்க்க வேண்டும். 40 ஜிபி ஹார்ட் டிஸ்க்கே தாராளம் என்று இருந்த நாளில் அதற்கு ஒன்பது ஜிபி காலி இடம் வேண்டும். நடுவில் ஏதாவது தடங்கினால் டிஸ்க் வீண். இவ்வளவு பாடும் ஒரு நகலுக்கு. தெருவில் கூவி விற்கும் திருட்டு டிஸ்க் வியாபாரத்துக்கு இந்த வழி ஒத்தே வராது. அது ஆலை அச்சிலும், ஒரே நேரத்தில் பல டிஸ்க் எழுதும், கோபுரம்போல் அடுக்கிய ரைட்டர்களிலும் நடந்தது. குழந்தை கீறிவிடும் கார்ட்டூன் டிஸ்க்குக்கு மாற்று வைத்துக்கொள்ள நினைக்கும் பெற்றோருக்குத்தான் இது பொருந்தும். கீறல் விழுந்த டிஸ்க்கில் பற்பசை தடவித் துடைத்துப் பார்த்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அதனால் இந்தத் தேவை உண்மையானது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

யார் இந்த 321?

மிசோரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய புறநகரில் இருந்த சிறிய நிறுவனம். தலைவர் ராபர்ட் மூர். முதலில் அவர்கள் விற்றது டிவிடி காப்பி பிளஸ். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த சில மென்பொருள்களைச் சேர்த்து, படிப்படியான வழிகாட்டியோடு கட்டிக் கொடுத்தார்கள். அது டிவிடி படத்தைச் சாதாரண சிடியில், விசிடியாக எழுதித் தரும். விசிடி அன்று நம்மூரில் வீட்டுக்கு வீடு பழக்கமான சரக்கு. ஒரு தமிழ்ப் படம் இரண்டு மூன்று சிடியில் வரும், படம் கொஞ்சம் மங்கல். அமெரிக்காவில் அது அவ்வளவாக ஓடவில்லை, என்றாலும் டிவிடி ரைட்டர் விலை எட்டாத நாளில் அதுதான் வழியாக இருந்தது.

டிவிடி எக்ஸ் காப்பி அதற்கு அடுத்த படி. இதில் அவர்கள் போட்டிருந்த தடைகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நகல் டிஸ்க்கைப் போட்டதும் இது சொந்த உபயோகத்துக்கான நகல் என்ற அறிவிப்பு திரையில் வரும். நகலுக்குள் ஒரு மறைகுறியும் இருக்கும். நகலிலிருந்து மறுநகல் எடுக்க மென்பொருள் மறுத்துவிடும். மென்பொருளை இயக்கவே இணையம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த எந்தக் கருவியிலும் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. வாடிக்கையாளரின் வசதியைக் குறைத்தாவது எல்லை கட்டிக்கொள்வோம் என்று இந்த நிறுவனம் முடிவு செய்திருந்தது.

இன்னொன்றும் செய்தது. யாரும் வழக்குப் போடும் வரை காத்திருக்கவில்லை. 2002 ஏப்ரலிலேயே, எம்ஜிஎம், கொலம்பியா, டிஸ்னி, யுனிவர்சல், பிக்சார் உள்ளிட்ட திரை நிறுவனங்களைப் பிரதிவாதிகளாக்கி, தாங்கள் செய்வது சட்டப்படி சரி என்று அறிவிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்டது. அந்த டிசம்பரில் திரை நிறுவனங்கள் எதிர்வழக்குப் போட்டன. துணிச்சலான முடிவு என்று அன்று பலரும் பாராட்டினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அவர்கள் துணிந்து போய் நின்ற நிலம் ஏற்கெனவே மாறியிருந்தது.

1984லிருந்து 1998 வரை

பழைய நிலம் சாதகமானது. சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் வழக்கில் 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஒரு கருவிக்கு முறையான பயன்பாடு கணிசமாக இருந்தால் அதை விற்பவரைத் தடுக்க முடியாது என்றது. தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்து பிறகு பார்ப்பது நியாயமான பயன்பாடுதான், அதாவது உரிமையாளரைக் கேட்காமலேயே செய்யச் சட்டம் இடம் தரும் பயன்பாடுதான் என்றும் சொன்னது. 321 ஸ்டூடியோஸ் நம்பியது இந்தத் தர்க்கத்தை.

1998 அக்டோபரில் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம் வந்தது. அதன் 1201ஆம் பிரிவு, நகலெடுப்பது சரியா தவறா என்பதற்குள் போகவே இல்லை. பூட்டைத் திறக்கும் கருவியைச் செய்வதையும் விற்பதையும் நேரடியாகத் தடை செய்தது. படைப்பை அணுகுவதற்கான பூட்டு, நகலெடுப்பதற்கான பூட்டு என்று இரண்டு வகைக்கும் தனித்தனி உட்பிரிவு. கருவியை வாங்கியவர் வீட்டில் என்ன செய்தார் என்பதைச் சட்டம் கேட்பதே இல்லை.

இதற்குள் பூட்டே உடைந்துபோயிருந்தது. 1999 அக்டோபரில் நார்வேயில் பதினைந்து வயதுச் சிறுவன் யோன் லெக் யோஹான்சென், முகம் தெரியாத இரண்டு நண்பர்களோடு சேர்ந்து டிசிஎஸ்எஸ் என்ற சின்ன நிரலை வெளியிட்டார். ஒரு கணினிப் பிளேயர் மென்பொருள் தன் சாவியைச் சரியாக மறைத்து வைக்காததுதான் வாசலைத் திறந்துவிட்டது. சில வாரங்களில் ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்பவர், எந்த நிறுவனத்தின் சாவியும் இல்லாமலேயே வீட்டுக் கணினியால் இந்தப் பூட்டைத் திறக்க முடியும் என்று காட்டினார். 40 பிட் சாவி அவ்வளவு பலவீனம்.

அதன்பின் நடந்ததில் இரண்டு நாடுகள் இரண்டு வழியில் போயின. அமெரிக்காவில் டிசிஎஸ்எஸ் நிரலை வெளியிட்ட 2600 என்ற பத்திரிகை மீது வழக்கு. 2000 ஆகஸ்டில் நியூயார்க் நீதிபதி லூயிஸ் கப்லன் தடை விதித்தார், 2001 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நார்வேயில் யோஹான்சென் மீது தொடுத்த குற்றவழக்கு 2003 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றத்தில் விடுதலையில் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலை. தான் முறையாக வாங்கிய படத்தைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு, உரிமை உள்ள இடத்துக்குள் போவது அத்துமீறல் ஆகாது என்பதே அங்கே அடிப்படை. நார்வேயில் அன்று டிஎம்சிஏ போன்ற சட்டம் இல்லை. 2005இல்தான் அந்த நாடு தன் பதிப்புரிமைச் சட்டத்தை அந்தத் திசையில் திருத்தியது. ஒரே பூட்டு, ஒரே செயல். டிஸ்க் வாங்கியவரிடமிருந்து தொடங்கியது ஓஸ்லோ, பூட்டிலிருந்து தொடங்கியது நியூயார்க். விடைகள் வேறாக வந்ததற்கு அதுவே காரணம்.

நீதிமன்றத்தில்

2003 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் வாதம் நடந்தது. 321 தரப்பின் வலுவான வாதம், என் பார்வையில், இது: டிஸ்க்கை வாங்கியவருக்கு அந்தப் படத்தை அணுக அனுமதி ஏற்கெனவே உண்டு. காசு கொடுத்ததே அதற்குத்தான். எங்கள் மென்பொருள் சரியான சாவியைக் கொண்டுதான் திறக்கிறது. சாவி போட்டுத் திறப்பதை உடைப்பது என்று எப்படிச் சொல்வது?

நீதிபதி ஏற்கவில்லை. சாவியைப் பயன்படுத்த உரிமம் பெற்ற பிளேயர்களுக்கு மட்டுமே அனுமதி. உரிமம் இல்லாமல் அதே சாவியைப் போட்டாலும் அது பூட்டைத் தவிர்ப்பதுதான் என்றார். அதாவது, டிஸ்க் வாங்கியவர் வாங்கியது, உரிமம் பெற்ற பெட்டி வழியாகப் பார்க்கும் வசதியை மட்டுமே. எனக்கு இது நெருடுகிறது. டிஸ்க்கின் உறையில் அப்படி எழுதி யாரும் விற்கவில்லை. வாங்குகிற மனிதர் பிளேயருக்காகப் படம் வாங்குவதில்லை, தனக்காக வாங்குகிறார்.

பேச்சுரிமை வாதமும் வந்தது. மென்பொருள் நிரலும் ஒரு வகைப் பேச்சுதான் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் சட்டம் கட்டுப்படுத்துவது நிரலின் செயலை, கருத்தை அல்ல என்று அதைக் கடந்துபோனது.

அப்புறம் நியாயமான பயன்பாடு. சொந்த நகல் எடுப்பது நியாயமான பயன்பாடா என்று நீதிபதி இல்ஸ்டன் முடிவு செய்யவில்லை. வாடிக்கையாளர்கள் செய்வது சட்டப்படி சரியாகவே இருக்கலாம், ஆனால் அது கருவி விற்றவருக்குப் பாதுகாப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அப்படியானால் அந்த உரிமையைச் சட்டம் ஒழித்துவிட்டதா? இல்லை, வேறு வழியில் நகல் எடுத்துக்கொள்ளலாம், அசலைப் போலவே அதே வடிவத்தில் எடுக்கும் உரிமைதான் யாருக்கும் கிடையாது என்பது பதில். வேறு வழி என்றால் என்ன என்பதற்கு 2600 வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பிலேயே உதாரணம் இருக்கிறது: படம் ஓடும் திரைக்கு முன்னால் கேமராவை வைத்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். திரைக்கு முன்னால் கேமரா வைத்துப் பிடிப்பது, திரையரங்கில் திருட்டுப் பதிவு செய்பவரின் முறை. சொந்த டிஸ்க்கைப் பாதுகாக்க நினைக்கும் வீட்டுக்காரருக்குச் சட்டம் விட்டுவைத்த வழி அது. ஒரு பேராசிரியர் வகுப்பில் காட்ட இரண்டு நிமிடக் காட்சி எடுக்கவும் அன்று இதே நிலைதான். அதற்காகப் பூட்டைத் திறக்கலாம் என்ற விலக்கு 2006இல்தான் வந்தது, அதுவும் கல்லூரிகளின் திரைப்படத் துறை ஆசிரியர்களுக்கு மட்டும். மாற்று நகலுக்கு விலக்கு வேண்டும் என்ற கோரிக்கை 2003இல் நிராகரிக்கப்பட்டது. கிடைத்திருந்தாலும் கருவி விற்பவருக்கு அது உதவியிருக்காது. விலக்கு செயலுக்குத்தான் கிடைக்கும், கருவிக்குக் கிடைக்காது.

ஏழு நாளும் ஆறு மாதமும்

தீர்ப்புக்குப் பின் நிறுவனம் பூட்டைத் திறக்கும் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு அதே மென்பொருளை விற்றது. பூட்டில்லாத டிஸ்க்கை மட்டுமே அது நகலெடுக்கும். திறக்கும் பகுதியை வாங்கியவரே இணையத்தில் வேறெங்காவது தேடிக்கொள்ள வேண்டும். மார்ச்சில் நியூயார்க்கிலும் ஒரு தடை வந்தது. வேறு வழக்குகளும் சேர்ந்தன. கணினி விளையாட்டு டிஸ்க்குகளை நகலெடுக்கும் இன்னொரு மென்பொருளுக்காக அட்டாரியும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் விவெண்டியும் வழக்குப் போட்டன. மே மாதம் ராபர்ட் மூர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு முன் சாட்சி சொன்னார். நியாயமான பயன்பாட்டுக்காகப் பூட்டைத் திறப்பதை அனுமதிக்கும் மசோதா ஒன்றை உறுப்பினர் ரிக் பவுச்சர் கொண்டுவந்திருந்தார். அது சட்டமாகவே இல்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் நிறுவனம் மூடப்பட்டது. சில நாளில் திரை நிறுவனங்களோடு சமரசம், இனி உலகில் எங்கும் இந்த மென்பொருளை விற்பதில்லை என்ற உறுதியோடு. அதற்குள் பத்து லட்சம் பிரதிகள் விற்றிருந்ததாக நிறுவனம் கூறியது.

அந்த ஆண்டிலேயே 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குக் காலி டிஸ்க்கும் அதற்கான ரைட்டரும் கடைக்கு வந்துவிட்டன. அமுக்கவும் வேண்டாம், இரண்டாகப் பிரிக்கவும் வேண்டாம். நகலெடுப்பது நின்றதா? இல்லை. டிவிடி டிக்ரிப்டர், டிவிடி ஷ்ரிங்க் என்ற இலவச மென்பொருள்களை உலகம் முழுவதும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். டிவிடி டிக்ரிப்டரை எழுதியவர் 2005இல் சட்ட நெருக்கடியால் விலகிய பிறகும் அதன் பிரதிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அவற்றில் அறிவிப்பு இல்லை, மறைகுறி இல்லை, மறுநகல் தடை இல்லை. பெயரையும் முகவரியையும் போட்டு, வரி கட்டி, தனக்குத் தானே வேலி போட்டு விற்றவர்தான் அகப்பட்டார். வேலியே இல்லாத கருவிகள் மட்டும் மிஞ்சின. திரைத்துறைக்கு இதனால் என்ன பாதுகாப்பு கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்தியச் சட்டம் இதை வேறு மாதிரி எழுதியிருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டைத் திறப்பவரைத்தான் தண்டிக்கிறது. இரண்டாண்டு வரை சிறை, கூடவே அபராதம். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காகத் திறந்தால் அது குற்றமாகாது. இன்னொருவருக்குத் திறந்து கொடுப்பவர் அவருடைய பெயர், முகவரி, நோக்கம் முதலியவற்றைப் பதிந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். நோக்கம் என்ன என்று கேட்கிற சட்டம் இது. அமெரிக்கச் சட்டம் கேட்க மறுத்த கேள்வியே அதுதான்.

அமெரிக்காவில் இன்னொரு முறையும் முயன்று பார்த்தார்கள். 2008 செப்டம்பர் இறுதியில் ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் ரியல்டிவிடி என்ற மென்பொருளை வெளியிட்டது. அது டிஸ்க்கை எழுதவே எழுதாது. படத்தை ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் வைத்துக்கொள்ளும். பழைய பூட்டைக் கழற்றாமல் அதன்மேல் தானும் ஒரு பூட்டுப் போடும். சிஎஸ்எஸ் உரிமமும் அந்த நிறுவனத்திடம் இருந்தது. சில நாளிலேயே விற்பனைக்குத் தடை வந்தது. 2009 ஆகஸ்டில், அதே சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில், நீதிபதி மர்லின் ஹால் பட்டேல் அந்தத் தடையை நீட்டித்தார். தான் வாங்கிய டிவிடியை ஒருவர் தன் கணினியில் நகலெடுத்து வைப்பது நியாயமான பயன்பாடாகவே இருக்கலாம், என்றாலும் அதற்கான கருவியைச் செய்து விற்பது கூட்டாட்சிச் சட்டப்படி தவறு என்று தீர்ப்பில் எழுதினார். 2010 மார்ச்சில் நிறுவனம் 45 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ரியல்டிவிடியை வாங்கியவர்களுக்கு அவர்கள் கட்டிய பணம் திரும்பக் கிடைத்தது.